நூற்று நாற்பத்தெட்டரை

வள்ளியூர் ஃபேன்சி கடையில்
நகச்சாயம் கேட்டேன்.
"பாப்பாவுக்கா?" என்றார் கடைக்காரர்.
ஓணானுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை.
தலையாட்டிவிட்டு
இருப்பதிலேயே கண்ணை அடிக்கிற சிவப்பை
வாங்கி வந்தேன்.

ஆவரைகுளத்துக்கு மேற்கே
காற்றாலைகள் நிற்கும் செம்மண் காடு.
பங்குனி வெயில்
பத்து மணிக்கே கல்லைப் பழுக்க வைக்கும்.
கல் உச்சியில் ஏறி
ஒரு சாண்கூட இல்லாத ஆண் ஒன்று
தொண்டையை விரிக்கும்:
வெள்ளையில் ஒரு நீலக்கோடு.
மடிக்கும். அக்கம்பக்கம் பார்க்கும்.
யாரும் பார்க்கவில்லையென்றால் மறுபடி விரிக்கும்.
"எலக்சன் வராமலே கொடி புடிக்கான் பாத்தியளா"
என்பார் ஞானதிரவியம்,
பன்னிரண்டு காற்றாலைக்கும் ஒற்றை வாட்ச்மேன்.
ஓணான் பிடிப்பதில்
என்னைவிட அவருக்குக் கை சுத்தம்.

முதல் வாரம் முப்பத்து மூன்று பிடித்தோம்.
பிடரியில் ஒரு பொட்டு வைத்து
ஊதிக் காயவைத்து
எடுத்த கல்லிலேயே விட்டோம்.
அடுத்த வாரம் நாற்பத்தைந்து.
அதில் பொட்டோடு வந்தவை பத்து.
பெருக்கி வகுத்தால்
நூற்று நாற்பத்தெட்டரை.

"அந்த அரை எது மேடம், வால் அறுந்ததா?"

சிரித்தேன்.
பார்த்ததை மறுபடி பார்த்தால் போதும்,
பார்க்காததையும் எண்ணிக் கொடுத்துவிடும் கணக்கு இது.
ஆனால் நிபந்தனை உண்டு என்று சொன்னேன்:
யாரும் உள்ளே வரக்கூடாது
வெளியே போகக்கூடாது
பிறப்பும் சாவும் இரண்டு வாரம் பொறுத்திருக்க வேண்டும்
வைத்த பொட்டு அழியக்கூடாது.
பீடியை அணைத்துவிட்டு யோசித்தார்.
"எங்க வீட்டுக்கே ஒத்துவராதே.
ரேசன் கார்டுல ஆறு பேரு,
உலை வைக்கது ரெண்டு பேருக்கு."

இறக்கையின் நிழல்
மூன்று எண்ணுவதற்குள் ஒருமுறை
தரையைக் கடக்கிறது.
ஒவ்வொரு முறையும் குனிவது என் கழுத்துதான்.
ஓணான்கள் அசைவதில்லை.
வல்லூறு இந்தப் பக்கம் வந்து
நாலு வருசம் இருக்கும் என்கிறார்.

கம்பெனி அனுப்பிய படிவத்தில்
வாக்கியம் ஏற்கெனவே அச்சாகியிருந்தது:
"பல்லுயிர் பெருகியுள்ளது."
பெருகித்தான் இருக்கிறது.
இது பெருகினால் வெட்டுக்கிளி குறையும்,
கரையான் குறையும்,
அதற்கப்புறம் எது என்று எனக்குத் தெரியாது.
தெரியாததை எழுத
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

சித்திரைக் கடைசியில் திரும்பப் போனோம்.
நாற்பத்தொன்று பிடித்தோம்.
புரட்டிப் பார்த்தோம், கண்ணாடி போட்டுப் பார்த்தோம்.
ஒரு பிடரியிலும் பொட்டு இல்லை.
வகுக்கும் இடத்தில் பூஜ்யம்.
மடிக்கணினி பிழை என்று சொல்லி நின்றுவிட்டது.
"ரவுண்டா ஒரு நம்பர் குடுங்க மேடம்"
என்றார் போனில் இன்ஜினியர்.

எல்லாம் செத்திருந்தாலும் இதே விடை.
எண்ணி முடியாத அளவுக்குப் பெருகி
என் முப்பத்து மூன்றும் அதில் தொலைந்திருந்தாலும்
இதே விடை.

வெயில் இறங்குகிற நேரம்
உடைமுள்ளில் சிக்கியிருந்த எதையோ
காற்றுக்குக் கை மறைத்துக் கொண்டுவந்தார் ஞானதிரவியம்.
வெங்காயச் சருகு போல ஒரு துணுக்கு.
நடுவில் வள்ளியூர்ச் சிவப்பு.
"சட்டையக் கழட்டிப் போட்டுட்டுப் போயிட்டான்."

நோட்டில் ஒட்டித் தேதி போட்டேன்.
பத்தடி தள்ளி
பொட்டில்லாத ஒன்று
கல்லில் ஏறித் தொண்டை விரித்தது.
"அவன்தானோ?"

படிவத்தை முழங்காலில் வைத்து
ஓரத்தில், ஸ்கேல் இல்லாமல்,
கோணலாக ஒரு கட்டம் வரைந்தேன்.